முன்பணம் என்னும் பூட்டு

கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டது இது: “கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து ஐம்பது வருடம் ஆகிறது. அப்புறமும் ஏன் ‘நவீன அடிமைமுறை’ என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள்? தி. நகரில் நான் வாங்கும் டி-ஷர்ட்டில் அது இருக்கிறதா? அதை நிறுத்த எடுக்கும் முயற்சிகளில் எதுவாவது உண்மையில் பலிக்கிறதா?”

பதில் சொல்பவள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் ஏற்றுமதி ஆலைகளில் சோஷியல் ஆடிட் செய்தேன். வெளிநாட்டு நிறுவனங்கள் சரக்கு வாங்கும் ஆலைக்குப் போய், குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா, சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று பார்த்து அறிக்கை எழுதும் வேலை. அதை விட்டபின், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் மீட்கப்படும் குடும்பங்களோடு தாலுகா ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று அலைந்துகொண்டிருக்கிறேன். வாங்குகிறவர் பக்கமும் தெரியும், வேலை செய்கிறவர் பக்கமும் தெரியும் என்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டி-ஷர்ட்டுக்கு வருவதற்கு முன், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் சுவரைப் பாருங்கள்.

சென்னைச் சுவர்களுக்கான செங்கல்லில் நிறைய திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்து வருகிறது. பொங்கல் முடிந்ததும் சூளை சீசன் சூடு பிடிக்கும். ஜூன் வாக்கில் முடியும். கல் அறுக்க வருகிறவர்களில் நம் ஊர் இருளர் குடும்பங்கள் உண்டு. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டக்காரர்களும் நிறைய. அங்கே வானம் பார்த்த பூமி, ஒரு போகம்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் புதுநெல் படைக்கும் நுவாக்காய் பண்டிகை வரும். அதை ஒட்டித்தான் ‘சர்தார்’ என்று அவர்கள் சொல்லும் மேஸ்திரி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பார். பழைய கடனை அடைக்க, மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று கை நீட்டி வாங்கிவிடுவார்கள். பின்னர், சீசனுக்கு முன்னால், காண்டாபாஞ்சி ஸ்டேஷனில் புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை, அலுமினியப் பாத்திரம் சகிதம் ரயில் ஏறுவார்கள்.

இதில் அடிமைத்தனம் எங்கே வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் புரிவதற்காக நான் போட்டவை; கணக்கின் அமைப்பு மட்டும் நான் நோட்டுப் புத்தகங்களில் பார்த்தது. ஒரு தம்பதி 60,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு 600 ரூபாய். ஒரு நாளைக்கு ஆயிரம் கல், மாதம் 25 நாள் என்றால் 15,000. வாரச் செலவுக்கு என்று ஓனர் 2,000 தருவார். மாதத்துக்கு 8,000 அதில் போய்விடும். மிச்சம் 7,000. ஆறு மாதத்துக்கு 42,000. சீசன் முடிந்து கணக்கு முடிக்கும்போது 18,000 பாக்கி நிற்கும். நடுவில் மழை பெய்து இன்னும் சுடாத பச்சைக்கல் கரைந்தால் அந்த நஷ்டம் அவர்கள் தலையில். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தால் அதுவும். கணக்கு நோட்டு ஓனரிடம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, அந்தக் கூட்டல் கழித்தலும் தெரியாது. “பாக்கியை அடுத்த சீசன் வந்து கழி” என்று அனுப்பிவைப்பார்கள். அல்லது ஒருத்தரை மட்டும் ஊருக்கு விட்டுவிட்டு மற்றவரை நிறுத்தி வைப்பார்கள்.

சூளையைச் சுற்றி முள்வேலி இருக்காது. கையில் விலங்கும் இருக்காது. பக்கத்தில் பஸ்கூட ஓடும். ஆனாலும் அவர்கள் போகமுடியாது. போனால் கடன்காரன் ஊருக்கே வருவான், ஜாமீன் நின்ற அண்ணனைப் பிடிப்பான். போனைப் பிடுங்கி வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன், ஆள் விட்டுத் தேடிப் பிடித்து வந்து அடித்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அதற்கெல்லாம் தேவையே இல்லை, முன்பணமே பூட்டு.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். சட்டம் அடிமையை விடுவித்தது. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. அந்த வழக்கம் கடை, பிராண்டு, பில்டர் யாருக்கும் கண்ணில் படாத தொலைவில் இருக்கிறது.

சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். 1976ல் வந்த கொத்தடிமைத் தொழில்முறை (ஒழிப்பு) சட்டம் இந்தியாவின் நல்ல சட்டங்களில் ஒன்று. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, ஊர்விட்டு ஊர் போகும் உரிமையையோ, நியாயமான கூலியையோ இழந்தால் அது கொத்தடிமைமுறை என்கிறது. அந்தக் கடனை அந்த நிமிடமே செல்லாது என்கிறது. மிக முக்கியமாக, 15ஆம் பிரிவு: தொழிலாளி ‘இது கொத்தடிமைக் கடன்’ என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. நோட்டு யாரிடம் இருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும். 1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. பசியின் நெருக்கடியும் கட்டாயம்தான் என்றது.

பலவீனம் தண்டனையில் இருக்கிறது. அதிகபட்சம் மூன்று வருடச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். 1976ல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். ஆள்கடத்தலுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவையும் சேர்த்துப் போட்டால்தான் வழக்குக்கு எடை வரும். அதில் குறைந்தபட்சமே ஏழு வருடம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது எஃப்.ஐ.ஆர். எழுதும் ஸ்டேஷனில் முடிவாகிறது.

கடன் பெரிய தொகையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். செங்குன்றம் பக்கம் ஒரு அரிசி ஆலையிலிருந்து வந்த இருளர் குடும்பத்தை எனக்குத் தெரியும். தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் நெல் காயவைத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு கடன் என்று கேட்டால் அந்தப் பையனுக்குத் தெரியவில்லை. “அது ஓனருக்குத்தான் தெரியும்க்கா” என்றான். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களை மீட்டார்கள். அதில் ஒரு பெரியவர், மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது, நினைவிருக்கலாம். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க இன்றும் நெஞ்சு பொறுக்காது. அது அவருடைய உரிமை. யார் காலிலும் விழுந்து வாங்கவேண்டியதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கஷ்டமான வேலை எல்லாம் அடிமைமுறை அல்ல. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஆலையின் விடுதியில் உணவு நஞ்சாகி, பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். மோசமான விடுதி, மோசமான சாப்பாடு, சரி. ஆனால் அவர்கள் ரோட்டுக்கு வர முடிந்தது. ஆலை சில வாரம் மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. வேலையை விட்டுப் போகவும் அவர்களால் முடியும். கொத்தடிமைக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் சூளையில் இருப்பவர்கள்தான் பின்னுக்குப் போவார்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க 11 அடையாளங்களைச் சொல்கிறது. கடனால் கட்டுதல், கூலியை நிறுத்திவைத்தல், ஆவணங்களைப் பிடுங்கி வைத்தல், நடமாட்டத்தைத் தடுத்தல், ஏமாற்றி அழைத்து வருதல் எல்லாம் அதில் வரும். அந்த அமைப்பும் இன்னும் இரண்டு நிறுவனங்களும் 2022ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் 1.73 கோடிப் பேர் தனியார் தொழில்களில்: வயல், கட்டடம், ஆலை, வீட்டு வேலை, மீன்பிடிப்பு. கட்டாயத் திருமணத்தில் இருக்கும் 2.2 கோடிப் பேரையும் சேர்த்துத்தான் ‘நவீன அடிமைமுறையில் ஏறத்தாழ 5 கோடிப் பேர்’ என்ற எண் வருகிறது. பொருள் வாங்கும் நம்மைப் பற்றிய பேச்சில் முதல் எண்ணே பொருத்தம்.

சரி, டி-ஷர்ட்.

கடையில் தொங்கும் துணி உங்களிடம் வர எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். பஞ்சு, கொட்டை நீக்கும் ஜின்னிங், நூல் மில், துணி பின்னும் நிட்டிங், சாயம், தையல், பேக்கிங். பிராண்டுக்குத் தெரிந்தது தையல் ஆலை. ஆடிட்டும் பெரும்பாலும் அங்கேதான். தமிழ்நாட்டில் பிரச்சினை பெரிதாக இருந்தது அதற்கு இரண்டு மூன்று படி பின்னால், திண்டுக்கல், ஈரோடு, கோயம்புத்தூர், விருதுநகர் வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில்.

‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரை உங்கள் அம்மா காலத்தவர்கள் கேட்டிருப்பார்கள். கிராமத்தில் புரோக்கர் வருவார். “மூணு வருஷம் மில்லுல இருந்தா முடிவுல மொத்தமா 30,000, 50,000 தருவாங்க, கல்யாணத்துக்கு ஆச்சு” என்பார். 14, 15 வயதுப் பெண்கள், அதிகமும் தலித், ஏழைக் குடும்பத்துப் பெண்கள், மில் விடுதிக்குப் போவார்கள். அந்த மொத்தத் தொகை அவர்கள் மாதச் சம்பளத்திலிருந்தே பிடித்துவைத்தது. நடுவில் உடம்பு முடியாமல் திரும்பினால் அது கைக்கு வராது. பஞ்சுத் தூசியில் மூச்சிரைத்து, ரெண்டாம் வருடமே பலர் திரும்பினார்கள். செங்கல் சூளையில் முன்பணம் முன்னால் நிற்கும். இங்கே பின்பணமாக வைத்தார்கள். பூட்டு ஒன்றுதான். 2011ல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் ஓர் அமைப்போடு சேர்ந்து இதை அறிக்கையாக வெளியிட்டதும் ஐரோப்பியக் கடைகளுக்கு வியர்த்தது. அந்தப் பெயர் பிறகு மெல்ல மறைந்தது. விடுதி, அங்கேயே தங்கவைத்து வேலை வாங்கும் ‘கேம்ப் கூலி’ முறை, வெளியே போக வார்டனின் அனுமதி ஆகியவை பல இடங்களில் மறையவில்லை.

அப்படி ஒரு மில்லுக்கு நானும் ஆடிட்டுக்குப் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். சம்பளச் சீட்டு சுத்தமாக இருந்தது. வயதுச் சான்று இருந்தது. தீயணைப்புக் கருவிகளில் தேதி சரியாக இருந்தது. விடுதியில் பத்து பெண்களிடம் பேச எனக்கு ஒரு மணி நேரம். அறைக்கு வெளியே சூப்பர்வைசர். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். கடைசியில் வந்த பெண் எழுந்து போகும்போது திரும்பி, “அக்கா, நான் எப்ப வீட்டுக்குப் போவேன்னு அதுல எழுதியிருக்கா?” என்று கேட்டாள். என் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. ‘விருப்பத்தின் பேரில் வேலை’ என்ற வரிக்கு எதிரே டிக் போட்டேன். ஆலைதான் எங்கள் கட்டணத்தைக் கட்டியது. அந்த டிக்கை நான் மறக்கவில்லை.

இது என் ஒருத்தியின் தவறு மட்டும் அல்ல, ஆடிட் என்ற ஏற்பாட்டின் தன்மையே இப்படி. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற துணி ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் தொழிலாளர்களை நல்லபடி நடத்தும் ஆலை என்ற உலகத் தரச் சான்றிதழ் அந்த ஆலைக்குக் கிடைத்திருந்தது. ஒருநாள் வந்து காகிதம் பார்க்கிறவருக்கு, தினமும் உள்ளே இருக்கிறவர் பயத்தில் விழுங்கும் சொற்கள் தெரியவராது.

தமிழர்களுக்கு இது புதிய கதை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பழவேற்காட்டுக்குப் போனால் டச்சுக்காரர்களின் கல்லறைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். அதே துறையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை ஆயிரக்கணக்கில் பட்டேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். 1860ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு ஆட்களை ஏற்றிப் போனபோது அடிமை வாணிபம் சட்டப்படி முடிந்திருந்தது; போனவர்கள் ‘ஒப்பந்தக் கூலிகள்’. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போனார். அங்கே ‘துண்டு’ என்று ஒரு காகிதம் புழங்கியது. இந்தத் தொழிலாளிகளுக்கு இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிற தோட்டம் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். மனிதர் கைமாறும் விலை கடன் என்ற பெயரில் எழுதப்பட்டது. 1921ல் துண்டு முறையை ஒழித்தார்கள். அன்று கங்காணி கொடுத்த அட்வான்ஸும் இன்று சர்தார் கொடுக்கும் அட்வான்ஸும் வேறல்ல.

இனி மூன்றாவது கேள்வி: எது பலிக்கிறது?

வெளிநாட்டுச் சட்டங்களை மூன்று விதமாகப் பார்க்கலாம். முதல் விதம், ‘சொல்லிவிட்டால் போதும்’ வகை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் இதற்கு உதாரணம். ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனம், தன் சப்ளையர்களிடம் அடிமைமுறை இல்லாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்தது என்று அறிக்கை வெளியிட வேண்டும். ‘எதுவும் செய்யவில்லை’ என்று அறிக்கை விட்டாலும் சட்டப்படி சரி! கலிஃபோர்னியாவின் சட்டமும் ஆஸ்திரேலியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டமும் அடிப்படையில் இதே வகை. இவற்றால் பெரிய கம்பெனிகளின் கூட்டங்களில் இந்தப் பேச்சு நுழைந்தது, அந்த அளவுக்குப் பயன். செங்குன்றத்துக்கோ ஸ்பின்னிங் மில்கள் உள்ள வேடசந்தூருக்கோ அது வந்து சேர்ந்ததாக நான் பார்க்கவில்லை.

இரண்டாம் விதம், ‘தேடிப்பார்த்துச் சரிசெய்’ என்று கடமை விதிப்பது. பிரான்ஸ் 2017லும், ஜெர்மனி 2023 முதலும் இப்படிச் செய்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2024ல் ஒரு பெரிய சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருடமே தொழில்துறை நெருக்கி, தளர்த்தும் வேலை தொடங்கிவிட்டது. எனக்கு இந்த வகைமேல் ஒரு நம்பிக்கையும் ஒரு பயமும் உண்டு. பயம் என்னவென்றால், பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக் கீழே தள்ளிவிடுவார்கள். திருப்பூர் ஓனர் கையெழுத்துப் போடுவார். விலை மட்டும் ஒரு சென்ட்டும் ஏறாது.

மூன்றாம் விதம், சரக்கையே நிறுத்துவது. இதற்குப் பல் உண்டு. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பில் செய்த பொருளை இறக்கக்கூடாது என்று இருந்தது. ‘நம் நாட்டில் அந்தப் பொருள் போதவில்லை என்றால் இறக்கலாம்’ என்ற ஓட்டையை 2016ல்தான் அடைத்தார்கள். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மலேசியாவின் டாப் குளோவ் உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறைக் கம்பெனி. வங்கதேசம், நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளிகள் ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு, அதை அடைப்பதற்காகவே அங்கே உழைத்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஜூலையில், கொரோனா உச்சத்தில், அமெரிக்கா அந்தக் கையுறைகளைத் துறைமுகத்தில் நிறுத்தியது. 2021 செப்டம்பரில் தடை நீங்குவதற்குள் கம்பெனி 3 கோடி டாலருக்கும் மேல் தொழிலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஏஜென்டுக்குக் கட்டிய கடனை முதலாளி கட்டினார். பூட்டு இருக்கும் இடத்திலேயே சாவி போட்டார்கள் என்பதால்தான் அந்த நடவடிக்கையை நான் மதிக்கிறேன். சீனாவின் சின்ஜியாங் பஞ்சுக்கு 2022 ஜூனிலிருந்து இன்னும் கடுமை: கட்டாய உழைப்பு இல்லை என்று இறக்குமதியாளர் நிரூபித்தால்தான் உள்ளே விடுவார்கள். நம் 1976 சட்டத்தின் 15ஆம் பிரிவு நினைவுக்கு வருகிறதா? ஐரோப்பாவும் இப்படிப்பட்ட சரக்குத் தடையை 2027 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப் போகிறது.

ஆனால் தடை ஒரு கோடாரி. சரக்கு நின்றால் முதலில் வேலை இழப்பது அந்தப் பெண்கள்தான். அதனால்தான் திண்டுக்கல்லில் நடந்ததை நான் எல்லாருக்கும் சொல்கிறேன்.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தையல் ஆலையில் வேலைசெய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். சூப்பர்வைசர் கைதானார். கொல்லப்பட்ட பெண் சேர்ந்திருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் நடத்தும் சங்கம், விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும், ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள கூட்டாளி அமைப்புகளும், அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியும், எச் அண்ட் எம் பிராண்டும் ‘திண்டுக்கல் ஒப்பந்தத்தில்’ கையெழுத்திட்டன, கேப், பி.வி.எச். என்ற அமெரிக்க ஆடை நிறுவனங்கள் பின்னர் சேர்ந்தன. இது பாலியல் தொல்லைக்கும் சாதி இழிவுக்கும் எதிரானது, கொத்தடிமைமுறை பற்றியது அல்ல. இருந்தாலும் இதன் அமைப்பு எல்லா இடத்துக்கும் பொருந்தும். தொழிலாளிகளில் இருந்தே பயிற்சி பெற்ற பெண்கள் தளத்தில் கண்காணிக்கிறார்கள். புகார் சொன்னவரை வேலையைவிட்டு எடுக்கமுடியாது. ஆலை மீறினால் ஆர்டரைக் குறைக்கவேண்டிய சட்டப்பூர்வக் கட்டாயம் பிராண்டுக்கு. தையல் ஆலைகளோடு நூற்பாலையும் அதற்குள் வருகிறது. 2022 ஜூலையில் அந்த ஆலைச் சரக்கை அமெரிக்கச் சுங்கம் நிறுத்தியபோது, இந்த ஒப்பந்தம் இருந்ததால்தான் செப்டம்பருக்குள் தடையை விலக்க முடிந்தது. பெண்கள் வேலையும் போகவில்லை. நான் ஒன்பது வருடம் டிக் போட்ட வரிகள் செய்யாததை, அந்த ஆலைக்கு உள்ளேயே நிற்கும் பெண்கள் செய்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்வேன், பலருக்கு இது தொடர்பில்லாததாகத் தோன்றும். தமிழக அரசு 2022ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைக் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றியது. கல்யாணத்துக்குத் தந்த பணம் படிப்புக்குப் போனது. மில் புரோக்கர் வாசலுக்கு வரும் வயதில் அந்தப் பெண் கையில் வேறொரு வழி இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்பு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. என் கணக்கில் அதுவும் ஒன்று.

மீட்புக்கு வருவோம். மீட்பு ஒருநாள் வேலை, அதற்குப் பிறகுதான் உண்மையான பாடு. 2011ல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து 500க்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார்கள். அவ்வளவு பேரையும் அன்றே விசாரித்து, ஆளுக்கொரு விடுவிப்புச் சான்றிதழ் எழுதி, ரயில் ஏற்றவேண்டும். அந்தச் சான்றிதழ் ஒரு தாள்தான். கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கையெழுத்துப் போட்டால் கடன் முடிந்தது. அதைக் காட்டினால்தான் உடனடி உதவி 30,000 ரூபாய் வரும். அதற்குமேல் உள்ள மறுவாழ்வுத் தொகை, ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். அது குற்றம் நிரூபணமாவதோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு எப்போது முடியும்? ஒடிசாக்காரர் வாய்தாவுக்கு எத்தனை முறை பொன்னேரி வருவார்? அதற்குள் அடுத்த நுவாக்காய் வந்துவிடும், சர்தாரும் வந்துவிடுவார். மீட்டவர்களையே திரும்பவும் மீட்ட சம்பவம் எனக்குத் தெரிந்தே இரண்டு.

அதனால் எனக்குப் பிடித்த முயற்சி, திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் துணைநின்ற ‘சிறகு’ செங்கல் சூளை. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் தாங்களே நடத்தும் சூளை அது. அறுக்கத் தெரிந்தது கல்தான். அதையே முன்பணம் இல்லாமல், தங்கள் கணக்கு நோட்டில் எழுதி அறுக்கிறார்கள். சிறிய முயற்சி. அங்கே நோட்டைக் காட்டிப் பேசிய ஒரு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் வேலையில் அப்படிப்பட்ட நாள் அதிகம் வாய்ப்பதில்லை.

‘அப்படியானால் நான் டி-ஷர்ட் வாங்கக்கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். வாங்குங்கள். ஒருத்தர் வாங்காமல் விட்டால் திண்டுக்கல்லில் யாருக்கும் தெரியாது. உங்கள் துணியில் கட்டாய உழைப்பு உண்டா இல்லையா என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. எனவே பிராண்டுக்கு எழுதுவதானால் ‘உங்கள் பொருள் நல்லதா?’ என்று கேட்காதீர்கள்; ‘நூல் எந்த மில்லில் இருந்து? அந்தப் பட்டியலை வெளியிடுகிறீர்களா? அங்கே சங்கம் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். வீட்டில் யாராவது வீடு கட்டினால், சிமென்ட் பிராண்டை விசாரிப்பதுபோல் கல் எந்தச் சூளை, அறுப்பவர்களுக்கு வாரக் கூலி எப்படி என்று மேஸ்திரியிடம் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராது. மூன்று பேர் கேட்டால், நான்காவது ஆளுக்குப் பதில் தயார் செய்து வைப்பார்.

உங்கள் கல்லூரி நண்பர்களுக்கு இதைவிட அவசரமான ஒன்று உண்டு. வெளிநாட்டு வேலை. 2022ல் ‘தாய்லாந்தில் ஐ.டி. வேலை’ என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைபட்டு, ஆன்லைன் மோசடி செய்யவைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களை மீட்டுச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். படித்த பிள்ளைகள். அங்கேயும் ‘உன்னை வாங்க நாங்கள் கட்டிய பணத்தைக் கட்டிவிட்டுப் போ’ என்பதுதான் பேச்சு. பதிவுபெற்ற ஏஜென்ட் ஒருவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அதற்குமேல் லட்சக்கணக்கில் கேட்டாலோ, டூரிஸ்ட் விசாவில் போ என்றாலோ, பாஸ்போர்ட்டைக் கொடு என்றாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏஜென்ட் பதிவுபெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது.

எங்காவது சூளையிலோ ஆலையிலோ சந்தேகப்படும்படி ஏதாவது பார்த்தால், உள்ளே போய் ஓனரிடம் சண்டை போடாதீர்கள். அன்று ராத்திரியே அந்தக் குடும்பங்களை வேறு இடத்துக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள், நடந்திருக்கிறது. கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். விசாரிப்பது அவர்கள் கடமை. குழந்தைகள் இருந்தால் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. புகாரில் ‘கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று பொதுவாக எழுதினால் வந்து பார்க்கிறவர் அடிபட்ட காயத்தைத் தேடுவார், காயம் இருக்காது, திரும்பிவிடுவார். முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, எத்தனை குடும்பம், எந்த ஊர்க்காரர்கள், கணக்கு நோட்டு யாரிடம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, கடைசியாக எப்போது ஊருக்குப் போனார்கள் என்று எழுதுங்கள். இடத்தின் அடையாளம் தெளிவாக இருக்கட்டும். வெளியாருக்குச் சூளைகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.